டெஸ்மண்ட் இல்லாத குளிர்காலம்

மார்ச் 28

சூரியன் இறங்கி ஒரு வாரமாகிறது. அடிவானத்தில் ஓர் ஆரஞ்சுக் கோடு மட்டும் மிச்சம். அது நிலையத்தைச் சுற்றி வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கிறது. இனி செப்டம்பர் வரை இருட்டுதான். எனக்கு அதில் வருத்தமில்லை. இதற்காகத்தான் இந்தத் தென் துருவத்துக்கு வந்தேன்.

வருத்தமெல்லாம் டெஸ்மண்டால்தான். குளிர்காலம் முழுக்கத் தொலைநோக்கியைப் பார்த்துக்கொள்ள நாங்கள் இரண்டே பேர். நிலையத்தில் மற்றவர்கள் எங்களைக் 'கிண்ணக்காரர்கள்' என்பார்கள் - அந்தப் பெரிய அலுமினியக் கிண்ணத்தை வைத்து. இரண்டு பேரில் ஒருவன் பேசாதவன், நான். மற்றவர் வாய் ஓயாதவர். பேச ஆள் இல்லாவிட்டால் விசில். விசில் அலுத்தால் இயந்திரங்களோடு பேச்சு. இன்று காலை, தொலைநோக்கியின் கருவிகளைக் குளிர்விக்கும் கம்ப்ரஸரைத் தட்டிக்கொடுத்து, "என்னடா ராஜா, நல்லா தூங்குனியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயது ஆள்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. சும்மா மாட்டிக்கொண்டால் போதும், அவர் கொஞ்சம் அடங்குகிறார்.


ஏப்ரல் 6

இரவுச் சாப்பாட்டில் சமையல்காரி ஓடெட் எங்கள் மேசையில் வந்து உட்கார்ந்தாள். லூசியானாக்காரி. இந்த நாற்பது பேருக்கும் அவள் கைச் சோறுதான். மூன்றாவது குளிர்காலம் அவளுக்கு.

"மூணு வருஷமா உங்களை மாதிரி ஆளுங்களுக்குச் சோறு போடறேன். அங்க உக்காந்து என்னதான் பாக்கறீங்கன்னு ஒருத்தனும் எனக்குப் புரியற மாதிரி சொன்னதில்ல."

டெஸ்மண்டுக்கு இது போதாதா. கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "பிரபஞ்சம் பொறந்த புதுசுல ஒரே தீ ஓடெட். அப்போ கிளம்புன வெளிச்சம் இப்பதான் இங்க வந்து சேருது. வர்ற வழியிலேயே ஆறிப்போய், கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலையா மாறிடுச்சு. அதைத்தான் பிடிக்கிறோம். காத்துல கொஞ்சம் ஈரம் இருந்தாலும் அது வந்து சேராது. அதான் இந்த வறண்ட ஊரு."

"அப்போ ஆறுன சாப்பாடு."

"என்னது?"

"ஆறிப்போன சாப்பாட்டுக்கு எட்டு மாசம் காவல் உக்காந்திருக்கீங்க. அதுக்கு உங்களுக்குச் சம்பளம் வேற."

மேசையே சிரித்தது. டெஸ்மண்ட் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதை உடனே மனைவிக்குச் சொல்ல வேண்டும் என்று எழுந்து போனார். மனைவி ரோவீனா, மின்னசோட்டாவில் இருக்கிறாள். செயற்கைக்கோள் தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் தினமும் பேசுவார். அவர் சிரிப்பு நடைவழியெல்லாம் கேட்கும்.

எனக்கு அழைக்க யாரும் இல்லை. மொன்டானாவில், பியூட் என்ற ஊரில் ஓர் அக்கா. பிறந்த நாளுக்குப் பேசிக்கொள்வோம்.


ஏப்ரல் 19

நிலையத்திலிருந்து தொலைநோக்கிக்கு ஒரு கிலோமீட்டர் நடை. வழியில் நட்ட கொடிகளைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மூச்சு முகமூடியிலேயே உறைகிறது. இன்று வானம் முழுக்கப் பச்சை ஒளி, திரைச்சீலையைக் காற்று அலைக்கழிப்பது போல. அப்படியே நின்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. அந்த நேரத்தில் பக்கத்தில், இரண்டு முகமூடிக்கு உள்ளிருந்து, தன் வீட்டுக் கூரை ஒழுகியதைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டே வந்தார்.

கிண்ணத்தின் மேல் விழுந்த பனியைப் பெருக்கினோம். தனியாக ஏறக்கூடாது என்பது விதி. ஒருவர் ஏறினால் ஒருவர் கீழே நிற்க வேண்டும். விதி இல்லாவிட்டால் நான் தனியாகவே செய்துவிடுவேன்.

எங்கும் போய்த் தப்பிக்க முடியாத இடத்தில் தனிமை கிடைக்காது என்று வருவதற்கு முன் யாரும் சொல்லவில்லை.


மே 2

பதிவுகள் சுத்தமாக வருகின்றன. வானம் நல்ல வறட்சி. டெஸ்மண்டுக்கு லேசாகத் தலைவலியாம். அப்படியும் விசில்.


மே 3

டெஸ்மண்ட் இறந்துவிட்டார்.

எழுத முடியவில்லை.


மே 4

எழுதிவிட்டால் தூக்கம் வருமோ என்னவோ.

நான் தொலைநோக்கிக் கட்டடத்தின் கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஹெட்போன் காதில். அவர் கதவருகே நின்று ஏதோ சொன்னார். நான் திரும்பிப் பார்க்காமல் தலையை ஆட்டினேன். அவர் கம்ப்ரஸர் அறைக்கு இறங்கிப் போனார். அதன் பிறகு விசில் இல்லை. பேச்சு இல்லை. நல்ல அமைதி. அதை நான் - ஆமாம், ரசித்தேன். நிம்மதியாக வேலை செய்தேன்.

ரொம்ப நேரம் கழித்துத்தான் அந்த அமைதி உறைத்தது. ஹெட்போனைக் கழற்றினேன். கூப்பிட்டேன். இறங்கிப் போனேன். கம்ப்ரஸரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், களைத்துப் போய் உட்கார்ந்தவர் மாதிரி.

டாக்டரும் தச்சர் டக்கரும் பனி வண்டியில் வந்தார்கள். டாக்டர் வெகுநேரம் போராடினாள். பிறகு என் பக்கத்தில் வந்து தரையிலேயே உட்கார்ந்தாள். "தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு ஆர்லோ. நீ உடனே பாத்திருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காது. பெரிய ஆஸ்பத்திரி வாசல்லயே விழுந்திருந்தாலும் இதேதான். நல்லா கேட்டுக்கோ, நான் ஆறுதலுக்குச் சொல்லல."

கேட்டுக்கொண்டேன். நம்புகிறேன். ஆனாலும் அவர் என்ன சொன்னார்? கதவருகே நின்று என்ன சொன்னார்?


மே 5, ஞாயிறு

அக்டோபர் கடைசி வரை விமானம் வராது. இந்தக் குளிரில் எரிபொருளே கூழாகிவிடும். அதுவரை அவர் இங்கேதான்.

டக்கர் பெட்டி செய்துவிட்டான். ஒரே பகலில், யாரையும் உதவிக்கு விடாமல். மூலைகளை அவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்திருக்கிறான். நிலையத்துக்கு அடியில் பனிக்குள் வெட்டிய சுரங்க வழியில் ஒரு சிறிய அறையில் வைத்தோம். பத்திரமான இடம். வருடம் முழுக்க ஒரே குளிர்.

எல்லோரும் என் தோளைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். "நல்ல நண்பனை இழந்துட்டே." "உங்க ரெண்டு பேரையும் சேர்த்தே பாத்துப் பழகிட்டோம்." நிலைய மேலாளர் மேவ் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவர் என் நண்பர் இல்லை. அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இதை நான் யாரிடம் சொல்வேன்? எல்லோருக்கும் தலையை ஆட்டினேன்.


மே 11

தொலைநோக்கிக் குழுவின் தலைவர், பேராசிரியர் ஹால்ஸ்டெட், அமெரிக்காவிலிருந்து எழுதியிருக்கிறார். 'உன்னைத் தனியாகத் தொலைநோக்கிக்கு அனுப்ப எங்களுக்கு மனமில்லை, விதியும் இடம் தராது. பாதியில் நிறுத்திவிடலாம். உன்மேல் யாருக்கும் குறையில்லை.' நல்ல மனிதர். உண்மையாகத்தான் எழுதியிருக்கிறார்.

நிறுத்தினால் இந்தக் குளிர்காலத்துப் பதிவு வீண். வானத்தின் ஒரே துண்டைப் பருவம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பார்த்தால்தான் அந்த மங்கல் வெளிச்சத்தில் ஏதாவது தேறும்.

மேவ் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் கூட்டிச் சொன்னாள். அப்புறம் ஓடெட், சமையலறை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து:

"ரெண்டாவது ஆளுக்கு என்ன வேலை?"

"நான் மேல ஏறும்போது கீழ நின்னு பாத்துக்கணும்" என்றேன். "விழுந்தா ஆளைக் கூப்பிடணும்."

"படிப்பு வேணுமா?"

"வேணாம்."

"மதியப் பாத்திரம் கழுவிட்டு வர்றேன். திங்கள், புதன், வெள்ளி என்னோடது. ஆறுன சாப்பாட்டைக் காவல் காக்க என்னை விட்டா வேற யாரு?"

மற்ற நாள் நான் என்று டக்கர் கையைத் தூக்கினான். ஹால்ஸ்டெட்டுக்குப் பதில் போய்விட்டது.

நான் ஏன் நிறுத்தச் சம்மதிக்கவில்லை? டெஸ்மண்டுக்காக என்று எல்லோரும் நினைக்கிறார்கள். எனக்கே தெரியவில்லை. நிறுத்திவிட்டால் அக்டோபர் வரை நாளெல்லாம் எங்கே உட்காருவது என்ற பயமாகவும் இருக்கலாம்.


மே 19, ஞாயிறு

இன்று ரோவீனா அழைத்தாள். அவருடைய மனைவி. அந்தக் குரலை நான் முதல்முறையாகக் கேட்கிறேன். தாழ்ந்த, நிதானமான குரல். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவில் செயற்கைக்கோளின் தாமதம் வேறு.

"நீங்கதான் ஆர்லோவா? அவர் உங்களைப் பத்தி நிறையச் சொல்லுவார்."

என்ன சொல்லியிருப்பார்?

வலித்திருக்குமா என்று கேட்டாள். டாக்டர் சொன்னதைச் சொன்னேன். எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். பிறகு, "கடைசியா உங்ககிட்டதானே பேசினார். என்ன சொன்னார்?"

"எனக்குக் கேக்கலைங்க. ஹெட்போன் போட்டிருந்தேன்."

"பாட்டு கேட்டுக்கிட்டிருந்தீங்களா?"

"இல்லைங்க. பாட்டு எதுவும் ஓடலை."

"அப்புறம் எதுக்கு ஹெட்போன்?"

இந்த இடத்தில் ஒரு பொய் வேண்டியிருந்தது. எதுவும் வாயில் வரவில்லை.

"அவர் பேசறது கேக்கக்கூடாதுன்னு."

இரைச்சல் மட்டும் கேட்டது. தாமதம் என்று காத்திருந்தேன். அவள் போனை வைத்துவிட்டிருந்தாள்.


மே 20

ஓடெட்டிடம் சொன்னேன். கிண்ணத்தின் அடியில் நின்று கையைக் கையில் அடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"கடவுளே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே கண்ணா. 'உன் பேரைச் சொன்னார்'னு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"நீங்களா இருந்தா சொல்லியிருப்பீங்களா?"

"யோசிக்காம."

இரண்டு பேரும் நிலையத்துக்குத் திரும்பினோம். கொடிகள் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன.


ஜூன் 2, ஞாயிறு

அழைப்பு இல்லை. எதிர்பார்க்கவும் கூடாது.

கிண்ணம் வானத்தின் குறுக்கே போகிறது, வருகிறது. போகிறது, வருகிறது. திரையில் நடுங்கும் கோடுகள். பகலும் இல்லை, இரவும் இல்லை. பசித்தால் மணி பார்க்கிறேன்.

நான் எப்போதும் தனியாகத்தான் இருந்திருக்கிறேன். சிலியில் மலை உச்சியில் இரண்டு வருடம், அதற்கு முன் ஹவாயில். அப்போதெல்லாம் அது ஒரு போர்வை மாதிரி இருந்தது. இது அப்படி இல்லை. இதில் ஒரு மனிதர் இல்லாதது தெரிகிறது. பிடிக்காத மனிதர் இல்லாமல் போனால் இத்தனை இடம் காலியாகுமா?

அவர் நாற்காலியைக் கிடங்குக்குக் கொண்டுபோகட்டுமா என்று டக்கர் கேட்டான். ஓடெட்டுக்கு உட்கார வேண்டும் என்றேன். ஓடெட் ஒருநாளும் உட்கார்வதில்லை.


ஜூன் 21

நடுக்குளிர் விருந்து. துருவத்தில் இதுதான் பெரிய பண்டிகை. இருட்டில் பாதி தாண்டிவிட்டோம். ஓடெட் மாட்டிறைச்சி வாட்டி, இறால் போட்டு அவள் ஊர்க் குழம்பு வைத்திருந்தாள். எல்லோரும் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார்கள். மேவ் டெஸ்மண்டின் பெயரைச் சொல்லிக் கோப்பையைத் தூக்கினாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், நான் ஏதாவது சொல்வேன் என்று. எழுந்தேன். "நன்றி" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஆட்டம் ஆரம்பித்ததும் நழுவினேன். சுரங்க வழியில் இறங்கிப் போனேன். பெட்டியை வைத்த நாளுக்குப் பிறகு இன்றுதான். சுவரெல்லாம் பனிப் பூ.

பெட்டியின் மேல் ஒரு கோப்பைக் காப்பி, கல்லாக உறைந்து. பக்கத்தில் ஒரு சீட்டுக்கட்டு. யாரோ பின்னிய ஒரு கம்பளித் தொப்பி. யாரெல்லாம் வந்துபோகிறார்கள் என்று தெரியவில்லை. நான் மட்டும்தான் வராமல் இருந்திருக்கிறேன்.

கொண்டுவர என்னிடம் எதுவும் இல்லை. கால் மரக்கும்வரை நின்றுவிட்டுத் திரும்பினேன்.


ஜூலை 8

விரல் எரிகிறது, எழுத்துக் கோணுகிறது.

கிண்ணம் பாதித் திருப்பத்தில் நின்றுவிட்டது. மேலே, திருப்பும் பல்சக்கரத்தை வெதுவெதுப்பாக வைக்கும் சூடேற்றி செத்துவிட்டது, மசகு இறுகிவிட்டது. வெளியே மைனஸ் எழுபது டிகிரிக்கும் கீழே. சூடேற்றியை மாற்ற வேண்டும். தடித்த கையுறையோடு திருகாணியைப் பிடிக்க முடியாது. மெல்லிய கையுறை என்றால் விரல் போய்விடும்.

ஓடெட் கீழே விளக்கைப் பிடித்து நின்றாள்.

"பேசிக்கிட்டே இரு. பேச்சு நின்னுச்சுன்னா நான் டாக்டரைக் கூப்பிட்டுருவேன்."

"என்ன பேச?"

"எதையாவது பேசு. உன் முதல் காதலியப் பத்திப் பேசு."

"யாருமில்ல."

"அட, பொய் சொல்லத் தெரியாத பயலே. அப்போ சாப்பாட்டைப் பத்தி. என் சமையல்ல எது கேவலம்?"

"மீன் பஜ்ஜி."

"இறங்கி வா, உனக்கு இருக்கு."

பத்து வார்த்தையில் என் சரக்குத் தீர்ந்தது. திருகாணி அசையவில்லை. கீழேயிருந்து, "ஆர்லோ! பேச்சு நின்னுடுச்சு!" வேறு எதுவும் தோன்றாமல் டெஸ்மண்டின் கூரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் வீட்டுக் கூரை ஒழுகியது, அதை அடைக்க ஏறியவர் ஏணி சரிந்து மேலேயே மாட்டிக்கொண்டது, கூப்பிட வெட்கப்பட்டு மழையில் அங்கேயே உட்கார்ந்திருந்தது, ரோவீனா வேலையிலிருந்து வந்து, "அங்க என்ன புறா வளர்க்கறீங்களா?" என்று கேட்டது - எல்லாம் வந்தது. ஒரு வார்த்தை விடாமல். நான் காது கொடுக்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் உள்ளே போயிருக்கிறது.

ஓடெட் கீழே விழுந்து விழுந்து சிரித்தாள். சூடேற்றியை மாற்றிவிட்டேன். கிண்ணம் முனகிக்கொண்டு நகர்ந்தது.

இறங்கியதும் என் கையைத் தன் மேலங்கிக்குள் இழுத்து அக்குளில் வைத்துக்கொண்டாள். "அழறதானா இங்க வேணாம். கண்ணிமை ஒட்டிக்கும்" என்றாள்.

நான் அழவில்லை. அழுதேனா?


ஜூலை 24

வலது கை இரண்டு விரல் நுனி கறுத்துத் தோல் உரிகிறது. டாக்டர் விரல் தப்பித்தது என்கிறாள். இடது கையால் எழுதுகிறேன். போதும்.


ஆகஸ்ட் 11, ஞாயிறு

அவள் அழைத்தாள்.

மேவ் வந்து, "உனக்குப் போன், ரோவீனா" என்றதும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"இருங்க. நான் சொல்லிடறேன், லைன் போயிடும். மூணு மாசமா எல்லாரும் எனக்கு எழுதறாங்க. பிடிச்ச வேலையைச் செய்யும்போது போனார், நட்சத்திரங்களோட சேர்ந்துட்டார், எல்லாருக்கும் உயிர் நண்பர். படிக்கப் படிக்க, யாரோ வேற ஆளைப் பத்தி எழுதற மாதிரி இருக்கு. என் வீட்டுல இருந்த மனுஷன் அதுல ஒருத்தர் எழுத்துலயும் இல்ல." தாமதம். இரைச்சல். "அவர் பேசறது கேக்கக்கூடாதுன்னு நீங்க ஹெட்போன் போட்டீங்க பாருங்க, அது என் புருஷன். அதை மட்டும்தான் நான் நம்பறேன்."

போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டேன்.

"சொல்லுங்க. அவர்கிட்ட வேற எதெல்லாம் உங்களுக்கு எரிச்சல்?"

"அதெப்படிங்க..."

"சொல்லுங்க ஆர்லோ. நான் கேக்கறேன்ல?"

சொன்னேன். விசில். ஒரே பாட்டின் முதல் இரண்டு அடி மட்டும், மூன்றாவது அடியே வராது. இயந்திரங்களோடு பேச்சு. சூப்பைச் சத்தமாக உறிஞ்சுவது. அடுத்தவன் தட்டிலிருந்து கேட்காமல் எடுப்பது. தப்பாகச் சொன்னால் திருத்துவது. சரியாகச் சொன்னாலும் திருத்துவது. அவள் முதலில் மூச்சை இழுத்தாள், பிறகு சிரித்தாள், பிறகு எது என்று தெரியவில்லை.

"விசில் எங்க வீட்டுல தடை" என்றாள். "படுக்கையறையில மட்டும் இல்ல. மொத்த வீட்டுலயும். அதான் உங்க தலையில விடிஞ்சிருக்கு."

வைப்பதற்கு முன், "அந்த மெஷின் இன்னும் ஓடுதா?"

"ஓடுதுங்க."

"நிறுத்தியிருப்பீங்கன்னு நினைச்சேன். நிறுத்தலைன்னு கேள்விப்பட்டு எவ்வளவு நாள் அதை வெறுத்தேன் தெரியுமா? அவர் போயும் அது பாட்டுக்கு ஓடுதேன்னு." பிறகு, "சரி. ஓடட்டும்."


ஆகஸ்ட் 18, ஞாயிறு

மறுபடி அழைத்தாள். இன்று நான் கூரைக் கதையைச் சொன்னேன். அது நடந்ததே வேறு மாதிரியாம். புறா என்று அவள் சொல்லவே இல்லையாம், அவராகச் சேர்த்துக்கொண்டாராம். ஏணியைச் சரித்ததே அவள்தானாம். அதை அவர் கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.


செப்டம்பர் 8, ஞாயிறு

அடிவானத்தில் வெளுப்பு. நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டிருக்கின்றன.

வாரம் முழுக்க அவளுக்குச் சொல்ல விஷயம் சேர்த்துக்கொண்டு திரிகிறேன். ஞாயிறு முடிந்து போனை வைத்ததும் அறை முன்னைவிட வெறுமையாகிவிடுகிறது. அவளுக்கும் அப்படித்தானோ? கேட்கத் தைரியமில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? அவள் அவரைக் கேட்கத்தான் அழைக்கிறாள். நான் அவர் குரல் வரும் வழி, அவ்வளவுதான். அதுவே பெரிது.

இன்று கேட்டாள்: "அவர் தேடி வந்தது கிடைக்குமா?"

"தெரியாது. இதைச் சேர்த்துவெச்சு நாலஞ்சு வருஷம் அலசினாத்தான் ஏதாவது தெரியும். ஒண்ணும் இல்லாமலும் போகலாம்."

"அவர் கிடைக்கும்னுதான் சொல்லுவார்."

"ஆமா. அதுலயும் எங்களுக்குச் சண்டைதான்."

"ஒண்ணும் இல்லைன்னாலும் எனக்குச் சொல்லு" என்றாள். "நீயே சொல்லு. வேற யாரும் வேணாம்."


செப்டம்பர் 22

சூரியன். எல்லோரும் ஜன்னலில். டக்கர் குழந்தை மாதிரி கத்தினான். தரையோடு ஒட்டி ஒரு சிவப்பு விளிம்பு, காற்றில் நெளிந்துகொண்டு. எனக்கு மகிழ்ச்சி என்று எதுவும் இல்லை. வெளிச்சத்தில் பார்த்தால் ஒவ்வொருவர் முகமும் எவ்வளவு வெளுத்திருக்கிறது. என் முகமும்தான்.


அக்டோபர் 30

விமானம் வந்துவிட்டது. புது முகங்கள், உரத்த குரல்கள், சிவந்த கன்னங்கள். ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்தபோது பதிலுக்கு என்ன செய்வது என்று ஒரு கணம் மறந்துபோனது. ஓடெட் ஒரு பெட்டி ஆரஞ்சைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

புதிதாக வந்த இரண்டு பேரிடம் தொலைநோக்கியை ஒப்படைத்தேன். பருவம் முழுக்கப் பதிவு உண்டு. நின்றது ஜூலையில் அந்த ஒருமுறைதான்.

நாளை கிளம்புகிறேன், டெஸ்மண்டோடு. பெட்டியைச் சுரங்கத்திலிருந்து ஆறு பேர் தூக்கி வந்தோம். வெளிச்சத்துக்கு வந்ததும் டக்கர் நின்று, கையுறையால் மூடியின் மேல் பனியைத் துடைத்தான்.


நவம்பர் 2, கிறைஸ்ட்சர்ச்

மழை பெய்கிறது. மண் வாசனையில் தலை சுற்றியது.

அவரை ஊருக்குக் கொண்டுபோக வந்த ரோவீனா விமானத் தளத்தின் வாசலில் நின்றிருந்தாள். குரலை வைத்து உயரமானவள் என்று நினைத்திருந்தேன். என் தோளுக்குக்கூட வரமாட்டாள். மழைக்கோட்டுத் தொப்பியைக்கூடப் போடவில்லை, முடியெல்லாம் ஈரம். இரண்டு பேரும் கைகொடுத்துக்கொண்டோம், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. என் கறுத்த விரல் நுனிகளைப் பார்த்துவிட்டுக் கையை விடாமல் வைத்துக்கொண்டாள்.

முகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். அங்கிருந்த அதிகாரி தயங்கினார். அவள் விடவில்லை. உள்ளே தனியாகப் போனாள். நான் நடைவழியில் நின்றேன். கதவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். உள்ளே சத்தமே இல்லை.

வெளியே வந்தபோது அவள் முகம் விசித்திரமாக இருந்தது.

"தாடி வெச்சிருந்தாரா?"

"ஆமா."

"எப்போ இருந்து?"

"தெரியலையே. கடைசி விமானம் போனதுல இருந்து இருக்கும். ஏன்?"

"யாரும் எனக்குச் சொல்லல. அவரும் சொல்லல. தினமும் பேசினோம், ஒரு வார்த்தை சொல்லல." சுவரில் சாய்ந்துகொண்டாள். "எனக்குத் தாடி பிடிக்காது. இருபத்தாறு வருஷமா வைக்க விட்டதில்ல. ஊருக்கு வர்றதுக்கு முன்னாடி மழிச்சுடலாம், இவளுக்கு எங்க தெரியப்போகுதுன்னு இருந்திருக்கார். திருட்டுப் பய."

சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. பிறகு அது சிரிப்பாக இல்லை. மே மாதத்திலிருந்து எனக்குத் தெரிந்த அந்த நிதானமான குரல் எங்கேயோ போய், நடைவழியில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். நான் பக்கத்தில் நின்றேன். என்ன செய்வதென்று தெரியாமல், அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தத் தாடி நல்லா இருந்துச்சா அவருக்கு? உள்ளதைச் சொல்லு."

யோசித்தேன்.

"இல்ல" என்றேன். "கோரமா இருந்துச்சு."

"ஆமால்ல?" என்றாள்.


நவம்பர் 4

தளத்திலிருந்து கேட்டார்கள், மொன்டானாவுக்கு எந்த நாள் விமானம் போடுவது என்று. போட வேண்டாம் என்றேன்.

மின்னசோட்டாவுக்கு, மினியாபொலிஸுக்கு, மூன்று பேர் போகிறோம், இரண்டு இருக்கையில். காலையில் விடுதிச் சாப்பாட்டறையில் ரோவீனா என் தட்டில் முட்டை வைத்துவிட்டு, அடக்கத்தன்று நான் எங்கே உட்கார வேண்டும் என்று சொன்னாள். முதல் வரிசையில், அவர் தம்பிக்கும் அவளுக்கும் நடுவில். தம்பி அவரைவிட அதிகம் பேசுவானாம்.

"முடியுமா உன்னால?" என்று கேட்டாள்.

முடியும் என்றேன்.